ரிமோட்டில் கார் பூட் திறக்கவில்லையா? செந்தூல் வயர்மேன் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் கார் வயரிங் பார்க்கிற கடை என்னுடையது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முந்தைய வாரங்களில் "பூட் திறக்க மாட்டேங்குது அண்ணே" என்று வருகிற கூட்டம் கூடிவிடும். மற்ற நாட்களில் யாரும் அதைத் தொடுவதில்லை, ஊருக்குப் போகிற நாளில்தான் அழுத்திப் பார்க்கிறார்கள். வரும்போதே பலர் தீர்ப்பையும் கையோடு கொண்டு வருவார்கள்: "ரிமோட் போச்சு, புது சாவி போடணும்." புது சாவியின் விலை தெரிந்தவன் நான். பெரும்பாலும் சாவி மேல் தப்பே இருக்காது என்பதும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல் தகராறு ஒன்றை முதலில் தீர்த்துவிடலாம். மலாய்க்காரர்கள் பின்பக்கப் பெட்டியை போனெட் என்பார்கள். நாம் பூட் என்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது டிக்கி, பானெட் என்றால் அவர்களுக்கு எஞ்சின் மூடி. போனில் பேசும்போது இதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். போதாக்குறைக்கு "பூட்டைத் திற" என்றால் எந்தப் பூட்டை? ஆகவே இங்கே பூட் என்றால் பெட்டி. அதைப் பிடித்து வைக்கும் கொக்கியை லாக் என்றே சொல்கிறேன்.

ரிமோட்டை அழுத்தினால் பூட் திறக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

பார்க்க வேண்டாம், கேளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, சத்தமில்லாத இடத்தில் ஒருவர் பூட் மூடி மேல் காதை வைக்கட்டும், இன்னொருவர் ரிமோட்டை அழுத்தட்டும்.

'டக்' என்று கேட்டு மூடி எழும்பவில்லை என்றால் சாவி, வயர், மோட்டார் எல்லாம் வேலை செய்கின்றன. கொக்கியோ மூடியோதான் சண்டித்தனம் செய்கிறது. சத்தமே இல்லை, ஆனால் அதே ரிமோட்டில் கதவுகள் ஒழுங்காகப் பூட்டித் திறக்கின்றன என்றால், சாவியைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். பூட் பட்டன் மட்டும் தேய்ந்திருக்கலாம், அதை மாற்றுச் சாவியில் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கதவும் இல்லை பூட்டும் இல்லை என்றால்தான் சாவி பேட்டரி, கார் பேட்டரி, அலைவரிசைத் தொல்லை என்று யோசிக்க வேண்டும்.

இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு வருகிறவருக்கு என் கடையில் பாதி நேரம் மிச்சம், கூலியிலும் கொஞ்சம் மிச்சம்.

கதவெல்லாம் வேலை செய்கிறது, பூட் மட்டும் சத்தமே இல்லை. ஏன்?

முதலில் காசு செலவில்லாத காரணங்கள். பல வண்டிகளில் பூட் பட்டனை ஒன்றிரண்டு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் இரண்டு முறை தட்ட வேண்டும். சட்டைப் பையில் தெரியாமல் அழுந்தித் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது ரிமோட்டை மதிக்காத வண்டிகளும் உண்டு. சில செடான்களில் டேஷ்போர்டு அறைக்குள் பூட்டுக்கென்று தனி மெயின் சுவிட்ச் இருக்கும், அல்லது ஓட்டுநர் இருக்கைப் பக்கத்து நெம்புகோலில் சாவித் துவாரம் இருக்கும். ஹோட்டலில் வண்டியை நிறுத்த ஆளிடம் சாவி கொடுக்கும்போது, பூட்டில் உள்ள பொருளைத் தொட முடியாமல் செய்வதற்கு அது. கார் கழுவப் போன இடத்தில் யாராவது அதைத் தட்டிவிட்டிருப்பார்கள், நீங்கள் மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடிப்பீர்கள்.

இதெல்லாம் சரி என்றால் அப்புறம் ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் உள்ள படத்தைப் பார்த்து, அதே ஆம்பியர் போடுங்கள். புதியது போட்ட உடனே மறுபடியும் போனால் எங்கோ வயர் வண்டியின் இரும்பு உடம்பில் உரசுகிறது என்று அர்த்தம். பெரிய ஃபியூஸ் போடுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது எல்லாம் வேண்டாம். உருகியிருக்க வேண்டிய ஃபியூஸுக்குப் பதிலாக வயர் உருகிப் புகைந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

இனி உண்மையான குற்றவாளிக்கு வருவோம். சாவியாலோ நெம்புகோலாலோ பூட் மூடியைத் திறந்து கீல் பக்கம் பாருங்கள். வண்டி உடம்பிலிருந்து மூடிக்குள் போகும் ஒரு கறுப்பு ரப்பர் குழாய், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். லாக் மோட்டார், நம்பர் பிளேட் விளக்கு, ரிவர்ஸ் கேமரா எல்லாவற்றின் வயரும் அதற்குள்தான் ஓடுகிறது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த வயர்கள் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. பத்து வருடம் அப்படி மடங்கினால் செம்பு என்ன செய்யும்?

ஜாலான் ஈப்போ பக்கத்து அக்கா ஒருவர், வேறொரு கடையில் புது சாவி போட்டும் பூட் திறக்கவில்லை என்று வந்தார். "நம்பர் பிளேட் லைட் எரியுதாக்கா?" என்று கேட்டேன். "அது போய் ரெண்டு மாசமாச்சு தம்பி, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார். அந்த ரப்பரைப் பின்னால் இழுத்துக் காட்டினேன். வெளித்தோல் கெடாமல் இருந்த பச்சை வயர் ஒன்றை மெல்ல இழுத்தேன், ரப்பர் பேண்டு மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்து தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு வயர் முழுக்க அறுந்து, நுனி பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. புது சாவிக்குக் கொடுத்த பணத்தை மனதுக்குள் எண்ணியிருப்பார்.

ஆகவே நம்பர் பிளேட் விளக்கு, ரிவர்ஸ் கேமரா, மூடியில் இருக்கும் பிரேக் விளக்கு இவற்றில் ஏதாவது ஒன்று பூட்டோடு சேர்ந்து மக்கர் செய்தால், நேராக அந்த ரப்பர் குழாய்க்குப் போங்கள். கேமரா படம் மேடு பள்ளத்தில் வெட்டி வெட்டி வருவதும் இதே நோய்தான்.

சரிசெய்யும் முறையும் முக்கியம். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டினால் நம் ஊர் வெயிலில் பசை இளகி ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள். நான் செய்வது: அறுந்த பகுதியை வெட்டிவிட்டு, மெல்லிய இழைகள் நிறைந்த வளையும் வயரைக் கொஞ்சம் தாராளமான நீளத்தில் சேர்த்து, ஈயம் வைத்து, சூடுபட்டால் சுருங்கும் குழாய் போடுவேன். ஈயம் வைத்த இடம் விறைப்பாகிவிடும் என்பதால் இணைப்புகள் மடிப்புக்குள் வரக்கூடாது, எல்லாம் ஒரே இடத்தில் குவியவும் கூடாது. ஒரு வயர்தான் அறுந்தது என்றாலும் பக்கத்தில் உள்ளவற்றையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வயசு, ஒரே மடிப்பு.

'டக்' சத்தம் கேட்கிறது, மூடி மட்டும் எழும்பவில்லை.

ஒருவர் மூடியை உள்ளங்கையால் கீழே அழுத்தட்டும், அதே நேரம் இன்னொருவர் பட்டனை அழுத்தட்டும். திறந்துவிட்டால், உள்ளே சாமான் அதிகமாகத் திணித்து மூடி கொக்கியை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். முறுக்கு டின் கோபுரம்தான் பெரும்பாலும் காரணம். அப்படி இல்லை என்றால் கொக்கி காய்ந்திருக்கும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும். லாக் திறந்தும் மூடி படுத்தே கிடந்தால் ஸ்பிரிங்கோ, மூடியைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டோ தளர்ந்துவிட்டது. வாயுத் தண்டை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள்.

ரிமோட் எதற்கும் அசையவில்லை. பேட்டரி மாற்ற எதைக் கவனிக்க வேண்டும்?

பேட்டரி மேல் உள்ள எண்ணைக் கவனியுங்கள். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 அதே அகலம், தடிமன் 2.5. சிஆர்1620 என்றால் 16 அகலம், 2 தடிமன். எல்லாமே 3 வோல்ட்தான் என்பதால், 2032 இருந்த இடத்தில் 2025 போட்டு, தளர்ந்து குலுங்கும்போது கொஞ்சம் காகிதம் மடித்து வைக்கிறார்கள். ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது, சாவி கெட்டது என்று முடிவு கட்டுவார்கள். மீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நான் மாற்றிவிடுவேன். புதியதைத் துணியால் பிடித்துப் போடுங்கள், உள்ளே இருக்கும் தகரக் கால்கள் பேட்டரியைத் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

வண்டி வாங்கிய பிறகு கடையில் பொருத்திய அலாரம் ரிமோட்டுகள் பலவற்றில் இது இருக்காது, விரல் நுனி அளவு உருளையான 12 வோல்ட் ஏ23 இருக்கும். ஆட்டோகேட் (வீட்டு வாசலில் தானாகத் திறக்கும் கேட்) ரிமோட்டிலும் அதே வகை வரும்.

கழற்றிய பேட்டரியை மேசை மேல் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். தீர்ந்த பேட்டரிக்கும் அந்த ஆபத்து உண்டு. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

குழந்தை என்றதும் ஞாபகம் வருகிறது: சாவியை விளையாடக் கொடுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாவி ஒரு புதுக் குறியீட்டை அனுப்புகிறது. அடுத்து வரக்கூடிய குறியீடுகளில் ஓரளவு வரைக்கும்தான் வண்டி ஏற்றுக்கொள்ளும். வீட்டுக்குள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் அழுத்தினால் சாவி வெகுதூரம் போய்விடும், வண்டி பின்தங்கிவிடும். வண்டி பக்கத்தில் நின்று இரண்டு மூன்று முறை அழுத்தினால் பல வண்டிகள் மறுபடி ஒத்துப்போகும்.

வீட்டில் வேலை செய்கிறது, குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் செய்யவில்லை. பேய் வேலையா?

ஆட்டோகேட் வேலை. ஐரோப்பிய வண்டிகளின் ரிமோட் பொதுவாக 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும். ஜப்பானிலிருந்து ரீகானாக, அதாவது ஓட்டிய வண்டியாக வருபவை 315 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) விற்கும் ஆட்டோகேட் ரிமோட்டுகள் 330 அல்லது 433. யாரோ ஒருவர் வீட்டு ரிமோட்டின் பட்டன் சிக்கி ஓயாமல் அலை வீசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்கும் வண்டிகளுக்குக் காது அடைத்துவிடும். அந்த இடத்தில் சாவியால் கையில் திறங்கள், இருபதடி தள்ளி வந்து மறுபடி பாருங்கள். சரியாகிவிட்டால் வண்டியில் கை வைக்கவே தேவையில்லை.

இன்னொன்று கார் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாள். 2019 மே மாதம் முதல் பின் கண்ணாடிகளை எவ்வளவு வேண்டுமானாலும் கறுப்பாக்கலாம் என்று விதி தளர்ந்ததும், ஆளாளுக்கு ஒட்டினார்கள். கறுப்பு பிரச்சினை இல்லை. உலோகப் பூச்சு உள்ள தாள்தான் அலையைத் தடுக்கும். தாள் ஒட்டிய மறுநாளிலிருந்து ரிமோட் எட்டும் தூரம் குறைந்தது என்றால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

சாவியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினால் தூரம் கூடும் என்பார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மைதான். தலையில் உள்ள நீர் அலையை வீச உதவுகிறது. பத்துமலையில் எந்த வரிசையில் நிறுத்தினோம் என்று தெரியாமல் நிற்கும்போது நானே செய்திருக்கிறேன்.

கைப்பேசி கேமராவில் பார்த்தால் ரிமோட் விளக்கு தெரிய வேண்டுமாமே?

அது டிவி ரிமோட்டுக்கு. அகச்சிவப்பு ஒளியைக் கேமரா காட்டும், ரேடியோ அலையைக் காட்டாது. 1990களின் சில மெர்சிடீஸ் சாவிகள் அகச்சிவப்பில் வேலை செய்தன, அந்த மாதிரிச் சாவிகளுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தும்.

ரிமோட்டில் திறக்கிறது, மூடியில் உள்ள ரப்பர் பட்டனில் திறக்கவில்லை.

நம்பர் பிளேட்டுக்கு மேலே விரல் விட்டு அழுத்தும் அந்த மிருதுவான பட்டன்தானே? வெயிலில் அந்த ரப்பர் இளகி, விரலில் கறுப்பு மை மாதிரி ஒட்டும். பிறகு வெடிக்கும். நாலு மணி மழைத் தண்ணீர் உள்ளே போய்ச் சுவிட்சைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த சுவிட்ச் திறக்காமல் போவதோடு நிற்காது, சில சமயம் தானாகவே திறக்கவும் செய்யும். சுவிட்சை மாற்றுவதுதான் வழி, எண்ணெய் பீய்ச்சாதீர்கள், ரப்பர் இன்னும் இளகும்.

கார் பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் அந்தப் பட்டனை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. சாமி கோபித்துக்கொள்ளாது.

சாவியைப் பூட்டுக்குள் வைத்து மூடிவிட்டேன்!

ஞாயிற்றுக்கிழமை பாசார் (சந்தை) நோய் இது. ஒரு கையில் கோழி, ஒரு கையில் கீரை, சாவியைக் கூடையில் போட்டு, கூடையை பூட்டில் வைத்து, டப். சாவியைத் துவாரத்தில் போடாமலே ஓட்டும் கீலெஸ் வண்டி, சாவி உள்ளே இருப்பதை உணர்ந்து பீப் அடித்து மறுபடி திறந்துவிட வேண்டும். வண்டி சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் மெல்லக் கூப்பிடும், சாவி பதில் சொல்லும். ஆனால் சாவி ஒரு டின்னுக்குள்ளோ கைப்பேசியோடு ஒட்டியோ கிடந்தால் அந்தக் கூப்பிடல் காதில் விழாது.

கதவுகள் இன்னும் பூட்டவில்லை என்றால் உள்ளே போய் பின் இருக்கையின் சாய்மானத்தை மடித்துக் கையை நுழைத்து எடுத்துவிடலாம். மடிப்பதற்கான நெம்புகோல் இருக்கையின் தோள் பக்கம் இருக்கும். சில வண்டிகளில் பூட்டுக்கு உள்ளேதான் இருக்கும், அப்படியென்றால் மாற்றுச் சாவியை எடுத்து வரச் சொல்லி வீட்டுக்குப் போன் போடுங்கள். பல ஹேட்ச்பேக் வண்டிகளில் பின் கதவின் உள் அட்டையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து, துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் உள்ளே உள்ள நாக்கைத் தள்ளினால் லாக் விடும்.

கார் பேட்டரி செத்துவிட்டது, பேட்டரியே பூட்டுக்குள் இருக்கிறது. இப்போது?

பல பி.எம்.டபிள்யூ. மாடல்கள் அப்படித்தான். முன் எஞ்சின் மூடிக்குள் சிவப்பு மூடியிட்ட ஒரு முனை இருக்கும், மின்சாரத்தை அங்கே கொடுத்தால் பூட் உயிர் பெறும். மற்ற வண்டிகளுக்கு, கீலெஸ் சாவிக்குள் ஒளிந்திருக்கும் தகரச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறங்கள். பூட்டிலும் சாவித் துவாரம் இருந்தால் மாதம் ஒருமுறை அதில் திறந்து பழக்குங்கள். ஐந்து வருடம் தொடாத துவாரம் அவசரத்துக்குச் சுற்றாது.

சாவி பேட்டரி மட்டும் செத்திருந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்யச் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். சில மாடல்களில் அதற்கென்று வேறு இடம் குறித்திருப்பார்கள். உள்ளே உள்ள இம்மொபிலைசர் சில்லுக்கு (வண்டி ஸ்டார்ட் ஆக அனுமதி தரும் சில்லு) பேட்டரி தேவையில்லை.

மூடியிருக்கும்போதே 'பூட் திறந்திருக்கிறது' என்று விளக்கு காட்டுகிறது.

லாக்குக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் சொல்லும் பொய். சும்மா விடாதீர்கள். அந்தப் பொய்யை நம்பி பூட் விளக்கு இரவெல்லாம் எரிந்து பேட்டரியைத் தின்னும், அலாரமும் ஒழுங்காக வேலை செய்யாது. முதலில் கொக்கியைச் சுத்தம் செய்து பாருங்கள். பல மாடல்களில் சுவிட்ச் தனியாகக் கிடைக்காது, லாக் முழுவதும் மாற்ற வேண்டும்.

காலை நீட்டினால் திறக்கும் பூட் என் காலை மதிக்கவில்லை.

சாவி உங்களிடம் இருக்க வேண்டும். பம்பரின் நடுவில் காலை நேராக உள்ளே விட்டு உடனே எடுங்கள். பக்கவாட்டில் துழாவினால் அதற்குப் புரியாது. பின்னால் அலங்காரப் பம்பர் பாவாடை கட்டியிருந்தால் உணரியை மறைத்திருக்கலாம். மின்சாரத்தில் ஏறி இறங்கும் கதவு, கார் பேட்டரி மாற்றிய பின் பாதியில் நின்றால், ஒருமுறை கையால் முழுதாக மூடி லாக் ஆக விடுங்கள். பல வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும்.

என்னுடையது பழைய புரோட்டான் வீரா கார். ரிமோட்டில் பூட் திறக்க வைக்க முடியுமா?

முடியும். இருக்கைப் பக்கத்து நெம்புகோல் ஒரு கம்பியை இழுத்துத்தான் பூட்டைத் திறக்கிறது. அந்தக் கம்பியையோ லாக்கையோ இழுக்க ஒரு சோலனாய்டு (மின்சாரம் பட்டால் இழுக்கும் கருவி) பொருத்தி, அலாரத்தின் பூட் வயரோடு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகச் சேர்த்தால் போதும். ரிலே இல்லாமல் நேராகக் கொடுக்கும் கடைகளை நம்பாதீர்கள், அலாரப் பெட்டி வெந்துவிடும். பழைய கம்பியைக் கழற்றவும் விடாதீர்கள்.

இணையத்தில் மலிவாகச் சாவி வாங்கலாமா? பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஹாஃப் கட் கடைச் சாவி?

வெறும் மேலோடு வாங்கலாம். பட்டன் ரப்பர் கிழிந்தவர்களுக்கு அது நல்ல வழி, ஆனால் பழைய ஓட்டில் ஒட்டியிருக்கும் இம்மொபிலைசர் சில்லை மறக்காமல் எடுத்து மாற்றுங்கள், இல்லையேல் பூட் திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. முழுச் சாவி வாங்கினால் 315ஆ 433ஆ என்று பாருங்கள், தப்பான அலைவரிசையை எந்தக் கடையாலும் உங்கள் வண்டிக்குப் பழக்க முடியாது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய கீலெஸ் சாவி பல மாடல்களில் முதல் வண்டிக்கே தாலி கட்டிக்கொண்ட மாதிரி, இன்னொரு வண்டியோடு சேராது.

குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியுமா?

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 1 முதல் தயாரான செடான்களில் பூட்டுக்குள் திறக்கும் பிடி கட்டாயம். இங்கே ஓடும் எல்லா வண்டிகளிலும் அது இல்லை. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் வயர்மேனுக்குக் காத்திருக்காதீர்கள். பின் இருக்கை மடியுமா பாருங்கள், இல்லையென்றால் அவசர உதவிக்கு 999.

கடைக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

இரண்டு சாவியும். எப்போதிலிருந்து, மழைக்குப் பிறகா, பேட்டரி மாற்றிய பிறகா என்று ஞாபகம். காலையிலேயே வந்துவிடுங்கள், மூடியைப் பிரித்துப் போட்ட நேரம் பார்த்துத்தான் மழை கொட்டும். பூட் கடைசியாக எப்போது திறந்தது, அதில் என்ன இருக்கிறது என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன வருடம் ஒருவர் சொல்லவில்லை. உள்ளே நாலு நாள் பழைய நெத்திலிக் கருவாடு இருந்தது.